நாற்காலி மாமா

நள்ளிரவு தாண்டி அரை மணி இருக்கும். ஊருக்கு வெளியே புறவழிச்சாலை. லாரிகள்கூட ஓய்ந்துவிட்ட நேரம். விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, பாதிக் கம்பங்களில் விளக்கு இல்லை. ஒரே ஒரு கார்... உள்ளே ஒரே ஒரு ஆள். கண்ணாடி ஏற்றியிருக்கிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை.

டிக்.

அவன் காதைத் தீட்டிக்கொண்டான். அந்தக் காரின் முனகல், இருமல் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இது அந்த வகையில்லை. காய்ந்த குச்சியை நகத்தால் சுண்டினால் வருமே, அந்தச் சத்தம். முன்னாலிருந்து வரவில்லை, பின்சீட்டிலிருந்தும் வரவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு நேர் அடியிலிருந்து வந்தது.

டிக்... டிக்டிக்.

கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் இருக்கிறவர் அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள், காற்று வருகிறது. ம்... அது என்ன சத்தம் என்று அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அதனால்தான் கார் கோணலாக ஓடி, சாலையோர மண்ணில் இறங்கி நின்றது. உங்களுக்கும் தெரிய வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இது என் கதை இல்லை. என்னோடு வேலை பார்க்கிற ஒருவனுடைய அண்ணனுக்கு நடந்தது. அண்ணன் தம்பியிடம் சொன்னான், தம்பி என்னிடம் சொன்னான். சொல்லும்போது தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தே சொல்லி முடித்தான். பேய்க்குப் பயந்தவன் அப்படிச் சொல்லமாட்டான். தன் வீட்டு ஆளை நினைத்து வெட்கப்படுகிறவன்தான் அப்படிச் சொல்வான்.

அந்த அண்ணனுக்கு ஆபீசில் வைத்த பெயர் சர்க்யூட். பழைய கம்ப்யூட்டர், உடைந்த பொம்மை, யாரோ தூக்கிப் போட்ட போன்... எது கிடைத்தாலும் அவனுக்குக் கை ஊறும். ராத்திரி பத்து மணிக்கு மேல் திறந்தால் "மறுபடியுமா?" என்று கேட்கிற ஃபிரிட்ஜ் அவன் வீட்டில் உண்டு, அதுவும் அவன் மனைவியின் குரலிலேயே கேட்கும். தண்ணீர் ஊற்ற மறந்தால், "இன்னும் சாகவில்லை, நிதானமாக வாருங்கள்" என்று ஆபீசுக்குக் குத்தலாகச் செய்தி அனுப்புகிற தொட்டிச்செடி உண்டு. ஏறி நின்றால் எடையைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுகிற மெஷின் உண்டு. ஒன்றும் ஒரு காசுக்கு உதவாது. ஆனால் பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. வேலை மெனக்கெட்டு இதையெல்லாம் செய்து, படம் பிடித்து இன்டர்நெட்டில் போடுவான். அவனைப் போன்ற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களே, அவர்கள் கைதட்டுவார்கள்.

அந்தக் கைதட்டல்தான் அவனைக் கெடுத்தது என்று நான் நினைக்கிறேன். தம்பி ஒத்துக்கொள்ளமாட்டான்.

சர்க்யூட்டின் மாமனார் அவர்களோடுதான் இருந்தார். பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கடையில் விற்கிறவன் உட்காரக் கூடாது. கூட்டம் இருந்தாலும் கூடாது, கடை காலியாக இருந்தாலும் கூடாது. மேலே கேமரா, அதற்குப் பின்னால் சூப்பர்வைசர். ஒருநாள் காய்ச்சலோடு வந்தவர் துணிக்கட்டின் மேல் லேசாகச் சாய்ந்துவிட்டாராம். மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, "நேரா நில்லுங்க" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்களாம். காலில் நரம்பெல்லாம் கயிறாகப் புடைத்துப்போய்தான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார்.

மகள் அவருக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தாள். அகலமான கைப்பிடி, முதுகுக்கு மெத்தை, கால் நீட்ட ஒரு பலகை. முதல் நாள் அவர் அதன் நுனியில்தான் உட்கார்ந்தார், யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்று. முதுகைச் சாய்ப்பதற்கே ஒரு வாரம் ஆனது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பேப்பர் அங்கே, காப்பி அங்கே, மதியத் தூக்கம் அங்கே. "உட்கார்றதுல இவ்வளவு சுகம் இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே மாப்பிள்ளை" என்று சிரிப்பார்.

சர்க்யூட்டுக்குக் கை ஊறியது. நாற்காலி மெத்தைக்குள் ஒரு தகடு வைத்தான், பாரம் விழுந்தால் தெரிந்துகொள்கிற தகடு. அதை ஒரு தீப்பெட்டி அளவு போர்டில் இணைத்து, நாற்காலியின் அடித்துணிக்குள் செருகிவிட்டான். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தொடங்கினான். பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான்: "மாமா உட்கார்ந்திருக்கிறாரா?" அதற்குக் கீழே ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் "ஆமாம்". சிவப்பு எரிந்தால் "எழுந்துவிட்டார்". வேறு ஒன்றும் கிடையாது.

இப்போது சிரித்தீர்கள் அல்லவா? உலகமும் அப்படித்தான் சிரித்தது. பெயர் தெரியாத ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். 'நாற்காலி மாமா' என்று பெயர் வைத்தார்கள். மாமா சாப்பிட எழுந்தார், மாமா திரும்ப வந்தார், மாமாவுக்கு இன்று உடம்பு சரியில்லையோ என்றெல்லாம் எழுதினார்கள். சிலர் பிரியமாகத்தான் எழுதினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்கு மட்டும் எதுவும் தெரியாது. மகளுக்கும் தெரியாது. அவளுக்கு இந்த மாதிரிப் பக்கங்களைப் பார்க்கவெல்லாம் நேரம் இருந்ததில்லை.

போகப் போகப் பார்க்கிறவர்களுக்குச் சலித்துவிட்டது. எந்நேரமும் பச்சைதான் எரிகிறது, மாமா எழுந்தால்தானே வேடிக்கை என்று ஒருவன் எழுதினான். அதற்கு அடுத்த நாள் பக்கத்தில் ஒரு பட்டன் முளைத்தது. 'எழுப்பு' என்று பட்டன். யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தினால் நாற்காலியின் அடித்துணிக்குள் செருகியிருக்கும் சின்ன ஸ்பீக்கர், 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அவ்வளவுதான்.

மாமா பேப்பரை இறக்கினார். கேட்டார். டிக்... மறுபடியும். கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். எழும்போது அவருடைய இரண்டு முழங்காலும் சொடுக்கும். மெதுவாகத் தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்து நாற்காலிக்கு அடியில் தேடினார். அங்கே இன்டர்நெட் பக்கத்தில் சிவப்பு எரிந்தது, எங்கெங்கோ இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒன்றும் கிடைக்காமல் அவர் திரும்ப உட்கார்ந்தார். பச்சை. டிக்.

"மரப்பூச்சி ஏதோ புகுந்துருக்கு மாப்பிள்ளை. அவ ஆசையா வாங்கினது, அரிச்சுடப் போகுது" என்று சாயங்காலம் சர்க்யூட்டிடம் கவலைப்பட்டார்.

அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். என்ன செய்தான் தெரியுமா? "இருங்க மாமா, நானும் பார்க்கறேன்" என்று அவனும் பக்கத்தில் மண்டியிட்டான். அவர் டார்ச் அடிக்க, அவன் தேடுகிற மாதிரித் தேடினான். "ஒண்ணையும் காணோமே" என்றான். அதைத் தம்பி என்னிடம் சொன்னபோது, எனக்கே எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை. மகள் வேலைக்குப் போயிருந்தாள், சர்க்யூட் கடைக்குப் போயிருந்தான். இரவல் வாங்கிய ஸ்க்ரூடிரைவர் செட்டைத் திருப்பிக் கொடுக்க ஆபீஸ் நண்பன் ஒருவன் வந்தான். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் மாமாவைப் பார்த்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "சார், நீங்கதானா அந்த நாற்காலி மாமா!" என்று போய்ப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டான். பெரியவரும் இதில் கூட்டு என்று நினைத்துவிட்டான், பாவம். போனைத் திறந்து பக்கத்தைக் காட்டினான். ஊர் ஊராக எழுதியிருந்ததையெல்லாம் படித்துக் காட்டினான். கடைசியில் பட்டனை அவனே ஒருமுறை அழுத்தியும் காட்டினான். மாமாவுக்கு அடியில், டிக்.

மாமா முழுக்கக் கேட்டுக்கொண்டார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பற்றி நண்பனே பிறகு சொன்னான்... துணியெல்லாம் பிரித்துப்போடச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைப் பார்த்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார். அதன் பிறகு அந்த நாற்காலியில் அவர் உட்காரவேயில்லை.

நண்பன் போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எல்லாம் சொன்னதும் சர்க்யூட் போனை வைத்தான். அன்று ராத்திரியே பக்கத்தை மூடினான். மாமா தூங்கிய பிறகு போர்டைப் பிடுங்கி, ஒயரை நறுக்கி, பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, மற்றதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினான். மறுநாள் காலை மாமா சுவரோரம் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி... கடையில் நின்ற நிலை.

"உட்காருங்க மாமா" என்றான்.

"இருக்கட்டும் சார்."

சார் என்றார், மாப்பிள்ளையைப் பார்த்து. வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் நின்றார். கால் வீங்கியது. டாக்டர் காலை நீட்டி உட்காரச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து நின்றார். சர்க்யூட்டுக்கு மன்னிப்பு நாக்கு நுனி வரைக்கும் வரும். "மாமா..." என்று தொடங்குவான். அவர் நிமிர்ந்து பார்ப்பார். "மாத்திரை போட்டீங்களா?" என்று முடித்துவிடுவான். ஒரு மத்தியானம் அவர் நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மனைவி அழுது ஓய்ந்த பிறகு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள். "நான்தாங்க காரணம். எப்பப் பாரு உட்கார்ந்தே இருக்கீங்களே, கொஞ்சம் நடங்கப்பான்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அதை மனசுல வெச்சுக்கிட்டுதான் அப்பா அப்புறம் உட்காரவே இல்லை."

அந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொல்வாள். அவன் கேட்டுக்கொண்டு நிற்பான். ஒரு வாக்கியம் போதும், அவள் மேலிருக்கிற பாரத்தை இறக்கிவிட. "அதெல்லாம் ஒண்ணுமில்லை, வயசானா அப்படித்தான்" என்பான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் தூங்கிய பிறகு வீட்டுக்குப் போகலாம் என்று ஆபீசிலேயே கிடந்தான். அப்படிப் போன ஒரு ராத்திரிதான் புறவழிச்சாலையில்...

டிக்.

கார் மண்ணில் நிற்கிறது. பிஸ்கட் டப்பா வீட்டில், அலமாரி மேல் இருக்கிறது. அதில் பேட்டரிகூட இல்லை. அவன் கதவைத் திறந்து இறங்கினான். சுற்றிலும் இருட்டு, தவளைச் சத்தம்கூட இல்லை. போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு சரளைக்கல்லில் மண்டியிட்டு, இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஒரு தண்ணீர் பாட்டில் மூடி கிடந்தது. வேறொன்றுமில்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது... புதுத் துணி வாசனை. கட்டைப் பிரித்துப் போட்டதும் கஞ்சியும் சாயமுமாக மூக்கில் ஏறுமே, அது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, தான் எப்படி மண்டியிட்டிருக்கிறோம் என்று. ஒரு கை இருக்கையின் மேல், மறு கையில் வெளிச்சம்.

கையிலிருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. மூடிய பக்கம் திறந்திருந்தது. சிவப்பு விளக்கு. 'எழுந்துவிட்டார்.'

அவன் ஏறி இருக்கையில் விழுந்தான். விழுந்த மாத்திரத்தில் பச்சை எரிந்தது. 'ஆமாம்.' போனைப் பக்கத்து சீட்டில் வீசிவிட்டு வண்டியை எடுத்தான். வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் அடியிலேயே வந்தது. சில நேரம் ஒன்று, சில நேரம் நாலைந்து சேர்ந்தாற்போல. அவன் எழவில்லை. எழ முடியாதே, ஓட்டிக்கொண்டிருக்கிறானே.

போனைக் காரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். கூடம் இருட்டு. உள்ளறையில் மனைவி தூங்குகிற மூச்சுச் சத்தம் கேட்டது. சுவிட்சுக்காகச் சுவரில் கை தடவும்போது, அந்த வாசனை இங்கே இன்னும் கனமாக இருந்தது. தரையில் ஏதோ விழுந்தது. தொப். துணிக்கட்டு ஒன்று விழுந்து உருண்டு, சரசரவென்று பிரிகிற சத்தம்... அவன் கால் கட்டைவிரலில் விளிம்பு தட்டி நின்றது. இன்னொன்று. தொப்... சரசர. இருட்டில் நாற்காலிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கோபமில்லை. பொறுமையாக, மரியாதையாக, நாளெல்லாம் பேசிக் கொஞ்சம் கரகரத்துப்போன குரல்.

"உட்காருங்க... காட்டறேன்."

சுவிட்ச் கையில் பட்டது. வெளிச்சம். தரையில் ஒன்றுமில்லை. நாற்காலி காலி. அவன் கத்தியிருக்க வேண்டும், மனைவி எழுந்து வந்துவிட்டாள். என்ன, யார்கிட்ட பேசறீங்க என்று கேட்டாள்.

அவன் சொல்லிவிட்டான். நின்றுகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே, ஆரம்பத்திலிருந்து. தகடு, பச்சை விளக்கு, பட்டன், பூச்சி தேடியது, சனிக்கிழமை வந்த நண்பன்... எல்லாம். அப்பா உட்காராமல் போனதற்கு நீ காரணமில்லை, நான்தான் என்றும் சொன்னான். அவள் அழவில்லை. கேட்கக் கேட்க அவள் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏதோ இறங்கிக்கொண்டே போனது. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பட்டனை அமுக்கினது யாரு?"

"யார் யாரோ. எந்தெந்த ஊர்லயோ இருக்கறவங்க."

"எல்லாம் யார் யாரோதானா?"

"ஆமா."

இங்கேதான் அவன் ஒன்றை விழுங்கிவிட்டான். அவ்வளவு தூரம் குனிந்தவன், இன்னும் ஒரு அங்குலம் குனிய முடியாமல். அந்த ஊர்க்காரர்களெல்லாம் தூங்குகிற நேரம் நமக்கு மத்தியானம். மாமா பேப்பரை மார்பில் போட்டுக்கொண்டு கண் அசருகிற நேரம். ஆபீசில் தூக்கம் வருகிற மீட்டிங், மேஜைக்கடியில் அவன் கையில் போன். பச்சை சிவப்பாகும்வரை விடாமல் அழுத்தியது யார் யாரோ இல்லை. அதைத் தம்பியிடம் சொல்லவும் அவனுக்கு ஒரு மாதம் ஆனது.

அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா போன பிறகு அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. முதுகைச் சாய்த்தாள். இரண்டு கையையும் கைப்பிடிமேல் வைத்தாள். கூடத்தில் சத்தமே இல்லை.

டிக்.

அவன் உடம்பு தூக்கிப்போட்டது. அவள் அசையவில்லை. டிக்... டிக். அவள் குனிந்து பார்க்கவில்லை, எழவும் இல்லை.

"இப்ப யாரு அமுக்கறாங்க?" என்று கேட்டாள்.

தெரியலையே என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே, அவனுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான். போன் இல்லை, ஒன்றுமில்லை, தொங்கிக்கொண்டிருந்த வெறும் கை. அதில் கட்டைவிரல் மட்டும்... மெதுவாக அமுங்கி, எழுந்து, அமுங்கியது.

டிக்.